காப்பித் தூளும் பல் ஊத்தையும்

போன கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து, புண்ணுக்கு மருந்து கட்டுகிற ஓர் இளம் டிரெசர் கண்டி மஹய்யாவையில் உள்ள என் வீட்டுக்கு வந்தார். கதிரையில் உட்காருவதற்கு முன்பே அவருக்கு வாய் பொறுக்கவில்லை. மனிதனுடைய பல் ஊத்தையில் உயிருள்ள கிருமிகள் இருக்கின்றனவாம். அவை நீந்துகின்றனவாம். புதிதாக வந்த நுணுக்குக்காட்டியில் தன் கண்ணாலேயே பார்த்தாராம். ஏதோ கோள் மண்டலத்துக்குப் போய்வந்தவர் மாதிரி சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தம்பி, அதுகளை நான் பார்த்துப் பயந்து, வாய் கொப்பளிச்சு, பிறகு அதுகளோடை சமாதானமாகிக் கனகாலம்" என்றேன். அவர் நம்பவில்லை. பென்சன்காரர்கள் எல்லாவற்றையும் முன்பே பார்த்ததாகத்தான் சொல்வார்கள் என்று நினைத்திருப்பார். அதிலும் மலையில் தேயிலை வருமுன், காப்பிக் காலத்தில் பார்த்தேன் என்றதும் புருவத்தை உயர்த்தினார். சரி, நீங்கள் சொல்வது உண்மையென்றால் எழுதித் தாருங்கள், எங்கள் கூட்டத்தில் வாசிக்கிறோம் என்று ஒரு முடிச்சைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அதனால் எழுதுகிறேன். வாசிக்கிறவர் இருமாமல் வாசிக்க வேண்டும்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். நானும் டிரெசர்தான்; புண்ணுக்கு மருந்து கட்டப் படித்தேன், கண்டிக்கு வந்தேன், குளிரில் நடுங்கினேன், பழகினேன். படிப்பைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. வேலையில் எனக்குப் பெயர் வந்தது பல் பிடுங்குவதில். ஆஸ்பத்திரியில் இருந்த பல் குறடு என் கைக்கென்றே அடித்தது போல இருக்கும். பிலிமத்தலாவையிலிருந்து ஒரு வண்டிக்காரர் வருவார். மாடுகளை வெளியே அவிழ்த்துக் கட்டிவிட்டு உள்ளே வந்து, ஆடுகிற பல்லைக் காட்டி, "புடுங்கிருங்க" என்பார். பிடுங்குவேன். அடுத்த மாதம் அதற்குப் பக்கத்துப் பல். பல்லில் சொத்தை கிடையாது. முத்து மாதிரிப் பல். ஈறுதான் கசிந்து, தளர்ந்து, பல்லைக் கைவிட்டிருக்கும். கடைசியில் அந்த மனுஷனுக்கு மாட்டை அதட்டக்கூட வாயில் காற்று நிற்கவில்லை. பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பது அவருக்குத்தான் பொருந்தும். பிடுங்கிய பல்லைக் கையில் வைத்துப் பார்த்தால், வேர்ப் பக்கத்தில் கறுப்பாக ஒரு காறை ஒட்டியிருக்கும். நான் அதைத் துடைத்துவிட்டு எறிந்துவிடுவேன். அது என்ன என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அப்போது ஈறு நோய் என்று வந்தால் எங்களிடம் மூன்று வழிதான். கப்பலில் வந்தவர்களுக்கு வருகிற நோய் என்று நினைத்தால் தேசிக்காய்ச் சாறு. மேகப் புண் என்று நினைத்தால் பாதரசம் கலந்த குளிகை. இரண்டும் கேட்காவிட்டால் என் குறடு. இதில் ரசக் குளிகை பொல்லாதது. அதைத் தின்றவர்களுக்கு ஈறு இன்னும் வீங்கும், எச்சில் நூலாக ஒழுகும், வாய் நாறும். பழைய ஆட்கள் எச்சில் ஒழுகினால் நோய் வடிகிறது என்று சந்தோஷப்படுவார்கள். நானும் கூட நின்று தலையாட்டினேன். எல்லோரும் அப்படித்தான் இருந்தோம்.

அந்த நேரத்தில்தான் புதிய டாக்குத்தர் வந்தார். கொழும்புப் பறங்கியர். ஒல்லியான உயரமான மனிதர், எப்போதும் கையைக் கழுவிக்கொண்டே இருப்பார். எங்கள் ஆட்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் மூக்கு டாக்குத்தர். மூக்கு பெரிது என்பதற்காக மட்டும் இல்லை. நோயாளி வாயைத் திறந்தால் நாங்கள் எல்லோரும் முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொள்வோம். அது எங்களை அறியாமலே நடக்கும். இந்த மனிதர் குனிந்து, மூக்கை நோயாளியின் வாய்க்கு நேரே கொண்டுபோய், கண்ணை மூடி, மெதுவாக மூச்சை இழுப்பார். கோயில் ஐயர் கற்பூரத்தை ஒற்றுகிற மாதிரி ஒரு பக்தி. பிறகு நிமிர்ந்து தன் கோணல் தமிழில், "வாய் பொய் சொல்லும். வாடை பொய் சொல்லாது" என்பார். முதலில் எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று கவனித்தேன். அவர் அப்படி முகர்ந்த பிறகு நோயாளிகள் வாயை மறைக்காமல் பேசுவார்கள்.

காப்பி அப்போது செத்துக்கொண்டிருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தேயிலைதான் தெரியும். அன்றைக்கு மலை முழுக்கக் காப்பி. இலைக்கு அடியில் செம்மஞ்சளாக ஒரு தூள் பிடிக்கும். தொட்டால் கையில் ஒட்டும், உதறினால் முகத்தில் படியும். காப்பிச் செடி நிரையில் இறங்கி ஏறினால் வெள்ளை வேட்டி மஞ்சள் வேட்டியாகிவிடும். கொஞ்ச நாளில் இலையெல்லாம் கொட்டி, செடி விளக்குமாறாக நிற்கும். துரைமார் தலையில் கை வைத்தார்கள். தோட்டத்துச் சனங்கள் என்ன செய்யும்? கடல் தாண்டி அக்கரைக்கு, இந்தியாவுக்குத் திரும்பிப் போவதா, இங்கேயே கிடப்பதா என்று தவித்தார்கள்.

ஹந்தானைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அந்தத் தூளை வைத்து ஒரு கதை கிளம்பியது. வேலைக்காட்டில் அதைச் சுவாசித்தவர்களுக்குக் காப்பி நோய் வாயில் தொற்றுகிறது, முதலில் ஈறு, பிறகு பல், செடி இலை கொட்டுகிற மாதிரி மனுஷன் பல் கொட்டுவான் என்று பேச்சு. யோசித்துப் பார்த்தால் பைத்தியக்காரப் பேச்சு இல்லை. காலையில் முகத்தில் தூளோடு வேலை செய்கிறார்கள், மாலையில் துப்பினால் ரத்தம் வருகிறது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட யாருக்கும் தோன்றும்.

அந்தத் தோட்டத்து ஆட்களுக்குத் தலைவரான கங்காணி பெரியண்ணன் ஒரு நாள் காலையில் ஒரு பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். பெயர் அங்கம்மா. கங்காணியின் மச்சினன் பெண்சாதி. மச்சினன் போன மழையில் காய்ச்சலில் செத்துப்போனான். கங்காணியோடு அவர் மனைவி செல்லாயியும் வந்தாள். அவள் இடுப்பில் அங்கம்மாவின் குழந்தை, பவளம் என்று பெயர், நடை பழகுகிற வயது. செல்லாயிக்குப் பிள்ளை இல்லை. அவள் ஆஸ்பத்திரி விறாந்தைக்கு ஏறவில்லை. முற்றத்து ஓரத்தில் வெற்றிலையை மென்றுகொண்டு நின்றாள். குழந்தை தாயைப் பார்த்துக் கையை நீட்டியது. அங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் மாராப்பு பாலில் நனைந்து ஈரமாக இருந்தது.

கங்காணி விஷயத்தைச் சொன்னார். இந்தப் பொம்பளைக்குக் காப்பி நோய். தாயும் பிள்ளையும் ஒன்றாக இருக்கக் கூடாது. இவள் சோற்றை மென்று ஊட்டுகிறவள், அப்படியே நோயையும் ஊட்டிவிடுவாள். காப்பிக் கொட்டகையில் தனியாகப் படுக்க வைத்தோம். இப்போது கூட்டத்தோடு அக்கரைக்குப் புறப்படப் போகிறோம், மாத்தளை வழியாக நடந்து போகவேண்டும். இவளைக் கூட்டிப்போக முடியாது. ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை எங்களோடு வரும். அவரைக் கல் நெஞ்சக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். சொல்லும்போது அவர் குரல் இறங்கித்தான் இருந்தது. கூட்டத்தில் மற்றவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தன.

டாக்குத்தர் அங்கம்மாவை ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்தார். ஈறு கருஞ்சிவப்பாக உப்பி, பல்லுக்குப் பல்லு நடுவே பிதுங்கி நின்றது. விரலால் அழுத்தினார். ரத்தத்தோடு கொஞ்சம் சீழும் வந்தது. கீழ்முன்பல் ஆடியது. பிறகு வழக்கம்போல மூக்கைக் கொண்டுபோனார். அங்கம்மா திடுக்கிட்டுப் பின்னால் சாய்ந்தாள். கொட்டகையில் ஒதுக்கிவைத்த பிறகு அவள் முகத்துக்குப் பக்கத்தில் வந்த முதல் முகம் அதுவாகத்தான் இருக்கும். அவர் விடவில்லை. கண்ணை மூடி முகர்ந்தார். அவள் அழத் தொடங்கினாள்.

அழுகையோடு அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நோயி போகாட்டியும் பரவாயில்லீங்க. புள்ளைக்குத் தொத்தாதுன்னு ஒரு வார்த்தை அவுககிட்ட சொல்லிருங்க. அது போதுமுங்க."

சொல்லிவிட்டால் என்ன என்றுதான் எனக்குத் தோன்றியது. டாக்குத்தர் சொன்னால் கங்காணி கேட்பார். ஒரு வார்த்தை, காசா பணமா? டாக்குத்தரிடம் ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன். தெரியாததைச் சொல்வதில்லை என்றார். இது காப்பித் தூளால் வந்ததா இல்லையா என்று தனக்கே தெரியாது, தெரிந்துகொண்டு சொல்கிறேன் என்றார். எனக்குக் கோபம். தாயும் பிள்ளையும் பிரிந்து நிற்கிறார்கள், இந்த மனிதருக்கு ஆராய்ச்சி கேட்கிறது என்று மனதுக்குள் திட்டினேன்.

பேராதனைப் பக்கத்தில் ஒரு பழைய துரை இருந்தார். சொந்தக் காப்பித் தோட்டம் முழுவதும் இலை நோயில் போய்விட்டது. தன்னை அழித்தவனின் முகத்தையாவது பார்க்க வேண்டும் என்று, மிஞ்சிய பணத்தில் சீமையிலிருந்து நுணுக்குக்காட்டி வரவழைத்து, நாள் முழுக்க இலையைக் கீறிப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்குத்தருக்குச் சிநேகிதர். ஞாயிற்றுக்கிழமை மாட்டு வண்டி பிடித்து நாங்கள் அங்கே போனோம். டாக்குத்தர், நான், கங்காணி, வண்டியின் பின் ஓரத்தில் அங்கம்மா. கங்காணியைக் கட்டாயம் வரவேண்டும் என்று டாக்குத்தர் சொல்லியிருந்தார். அவர் வண்டியின் முன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாடுகள் மேலேயே விழுந்துவிடுவார் போல இருந்தது.

முதலில் காப்பித் தூளை வைத்தார்கள். நான் கண்ணை வைத்துப் பார்த்தேன். பயற்றம்பருப்பைக் கிள்ளி வைத்த மாதிரி மணிகள். ஒவ்வொன்றும் ஒரு பக்கம் வழவழப்பு, ஒரு பக்கம் முள். ஒருமுறை பார்த்தால் மறக்க முடியாத உருவம். கங்காணியும் பார்த்தார். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இந்த நாயா எங்க வயித்துல அடிச்சது" என்றார். பழைய துரைக்குத் தமிழ் தெரியும். அவர் தலையை ஆட்டினார்.

பிறகு டாக்குத்தர் இறகுத் தண்டால் அங்கம்மாவின் பல்லிடுக்கில் வழித்து, ஒரு துளி மழைத் தண்ணீரில் கலந்து கண்ணாடித் துண்டில் வைத்தார். தானே வெகுநேரம் பார்த்தார். முள் மணி ஒன்றுகூட இல்லை. திரும்பத் திரும்ப வழித்து வைத்தார், இல்லவே இல்லை. ஆனால் வேறு ஏதோ இருந்தது. என்னைப் பார்க்கச் சொன்னார்.

பார்த்தேன். என்ன சொல்ல! தூசி என்று நினைத்தது நகர்ந்தது. குச்சி குச்சியாக, நெளிந்து நெளிந்து, சில சுருள் சுருளாக, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு ஓடின. நல்லூர்த் தேர்க் கூட்டம் தோற்றுவிடும். நான் பின்னால் துள்ளினேன். "ஐயோ, உயிரோடை இருக்குது" என்று கத்திவிட்டேன். படியில் உட்கார்ந்திருந்த அங்கம்மாவின் முகம் செத்துப்போயிற்று. கங்காணி எழுந்து நின்றுவிட்டார். என் வாயை நானே அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

டாக்குத்தர் இன்னோர் இறகை எடுத்துத் தன் பல்லை வழித்தார். வைத்துப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டார். அதிலும் இருந்தன! நீந்துகிறவை குறைவு, அசையாமல் கிடக்கிற உருண்டைகளும் குச்சிகளும்தான் கூடுதல், ஆனால் இருந்தன. பிறகு என் வாய். அது இரண்டுக்கும் நடுத்தரம். பழைய துரை முதலில் மறுத்தார், பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு வாயைத் திறந்தார். அவருடையது அங்கம்மாவுடையதற்குக் கிட்டவாக இருந்தது. சீமை வாய்க்கும் தோட்டத்து வாய்க்கும் வித்தியாசம் இல்லை. கடைசியில் கங்காணி. அவர் தன்னுடையதைத் தானே பார்த்துவிட்டு நேரே கிணற்றடிக்குப் போய் வாய் கொப்பளித்தார். நானும் பின்னாலேயே போய்க் கொப்பளித்தேன், அதை மறைக்கமாட்டேன்.

அப்போது அங்கம்மா படியிலிருந்து கேட்டாள். "அப்ப நான் மட்டும் இல்லீங்களா?"

"எல்லாருக்கும்" என்றார் டாக்குத்தர். "ராசாவுக்கும்."

அவள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். அன்றைக்குத்தான் அவள் முழு முகத்தையும் பார்த்தேன்.

கங்காணிதான் லேசில் மசியவில்லை. காப்பித் தூள் இல்லை, சரி, ஒத்துக்கொள்கிறேன், கண்ணால் பார்த்தேன். எல்லார் வாயிலும் இந்தச் சனியன் இருக்கிறது, அதையும் பார்த்தேன். அப்படியானால் இவளுக்கு மட்டும் ஏன் ஈறு அழுகுகிறது என்று கேட்டார். நியாயமான கேள்வி. இன்றைக்கு நுணுக்குக்காட்டியோடு திரிகிற என் தம்பிமார் இதற்குப் பதில் சொல்லட்டும் பார்ப்போம்.

டாக்குத்தர் யோசித்து யோசித்துச் சொன்னார், அவர் திணறிய இடத்தில் நான் தமிழாக்கினேன். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பல காம்பராவில் பல பேர் குடியிருக்கிறார்கள். அதுபோல இவையும் நம் வாயில் குடியிருக்கின்றன, பெரும்பாலும் சண்டை சச்சரவு இல்லாமல். லயத்துச் சாக்கடைக் கான் அடைத்துக்கொண்டால் என்ன நடக்கும்? குடியிருக்கிற சனம் மாறாது, ஆனால் கான் தண்ணீரில் பெருகுகிறவை பெருகிவிடும். அங்கம்மாவின் பல்லடியில் ஊத்தை இறுகிக் காறையாகி, ஈறுக்குக் கீழே கான் அடைத்திருக்கிறது. பிள்ளை உண்டான காலத்தில் ஈறு வீங்கியிருக்கும், அவளும் வலிக்கு வெற்றிலையும் புகையிலையும் போட்டிருப்பாள், மேலும் மேலும் இறுகியிருக்கும். அங்கே பெருகுகிற கூட்டம் வேறு. அந்தக் கூட்டத்தைப் பார்த்து ஈறு கொதிக்கிறது, வீங்குகிறது, பல்லை விடுகிறது. இது தனக்கு நிச்சயம் இல்லை, ஆனால் கண்ணால் கண்டதற்கு இதுதான் பொருந்துகிறது என்று கடைசியில் ஒரு வார்த்தையும் சேர்த்தார். அதைத் தமிழில் சொல்லாமல் விட்டால் என்ன என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சொன்னேன்.

பிடுங்கிய பற்களின் வேரில் ஒட்டியிருந்த கறுப்புக் காறை அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பிலிமத்தலாவை வண்டிக்காரரின் வாயும்.

பிள்ளைக்குத் தொற்றாதா என்று கங்காணி விடாமல் கேட்டார். பிள்ளை வாயிலும் இவை ஏற்கெனவே குடிவந்தாயிற்று, நீ முத்தம் கொடுத்தபோது உன்னுடையதும் போயிருக்கும் என்றார் டாக்குத்தர். ஆனாலும் இனி யாரும் சோற்றை மென்று ஊட்டவேண்டாம், கையால் பிசைந்து கொடுங்கள், தாயிடம் பால் குடிக்கத் தடையே இல்லை என்றார். கங்காணி தாடியைச் சொறிந்தார். கடைசியில் ஒரு வழி சொன்னார். "நீங்க சொல்றது கூட்டத்துக்குப் புரியாதுங்க. பொறப்படுறதுக்குள்ள இவ வாயி ஆறட்டும். ஆறுனா புள்ளை இவளுக்கு. ஆறாட்டி என்னால ஒண்ணும் செய்ய ஏலாது." வைகாசி விசாகம் கழிந்ததும் புறப்பாடு. அதற்கு அதிக நாள் இருக்கவில்லை.

ஈறுக்கு அடியில் போய்ச் சுரண்ட ஆஸ்பத்திரியில் ஆயுதமே கிடையாது. டவுனில் கடிகாரம் திருத்துகிற ஒரு முஸ்லிம் நானாவிடம் போனேன். பழைய அரங்களை நெருப்பில் காய்ச்சி, மெல்லிய கொக்கிகளாக வளைத்துத் தந்தார். நுனி ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்க்கும். என் வாழ்க்கையில் பல் குறட்டைக் கீழே வைத்துவிட்டுக் கொக்கியைக் கையில் எடுத்த நாள் அது.

வேலை இப்படி. கொக்கியைக் கொதிநீரில் போட்டு எடுக்கவேண்டும். பெருவிரலை நோயாளியின் தாடையில் ஊன்றிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கை வழுக்கி நாக்கைக் கிழிக்கும். கொக்கியைப் பல்லை ஒட்டியே ஈறுக்குள் இறக்க வேண்டும். வேரில் சொரசொரப்பு தட்டுப்படும். அங்கே பிடித்து மேல்நோக்கி இழுக்கவேண்டும். கறுக் என்று ஒரு சத்தத்தோடு காறை பெயரும். வழவழப்பு தட்டுப்படும்வரை விடக்கூடாது. பிடுங்குவது ஒரு மூச்சு வேலை. இது அப்படி இல்லை, பொறுமை வேண்டும். எனக்குப் பொறுமை கிடையாது என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள். அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன். அங்கம்மாவுக்குக் கடிக்கவும் வழியில்லை, வாய் திறந்தபடி. அவள் கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சத்தமே போடாமல் இருந்தாள். அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு மனுஷக் கை இருக்கவில்லை.

முதல் நாள் ரத்தம் கொட்டியது. வெள்ளைக் கோப்பை சிவந்துபோயிற்று. அந்த நேரம் பார்த்துச் செல்லாயி குழந்தையோடு முற்றத்துக்கு வந்தாள். அங்கம்மாவை ஆஸ்பத்திரியில் விட்டதிலிருந்து நாள்தோறும் வருவாள், தூரத்தில் நின்று குழந்தையைக் காட்டுவாள், அந்த அளவுக்கு அவளுக்கு இரக்கம் இருந்தது. கோப்பையைப் பார்த்தாள். "ஆறவைக்கிறோம்னு சொல்லிக் கொல்லுறாங்களே" என்று குழந்தையின் முகத்தைத் தோளில் அழுத்திக்கொண்டு போய்விட்டாள். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

டாக்குத்தரிடம் போய், இது நடக்கிற காரியமா, இன்னும் ரத்தம் வந்தால் பிள்ளை போய்விடும் என்று பொரிந்து தள்ளினேன். அவர் கையைக் கழுவிக்கொண்டே, அடைத்த கானைத் தோண்டினால் முதலில் நாறத்தான் செய்யும் என்றார். நீ சுரண்டுகிறதைச் சுரண்டு என்றார். சுரண்டினேன். நாளுக்கு வாயின் ஒரு பக்கம். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்க வைத்தோம். வெற்றிலை, புகையிலை கூடாது. காலை மாலை ஆலங்குச்சியை மென்று தும்பாக்கி, ஈறு ஓரமாகத் தேய்க்கச் சொன்னோம். ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று சின்ன வயதிலிருந்து பாடிக்கொண்டுதான் இருக்கிறோம், ஈறு ஓரமாகத் தேய் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அங்கம்மா குச்சியும் கையுமாகவே இருந்தாள். போதும் விடுங்கோ, பல்லுத் தேய்ஞ்சுபோகும் என்று நானே தடுக்க வேண்டியிருந்தது.

ஒரு நாள் காலையில் அவள் கொப்பளித்துத் துப்பிய தண்ணீரைப் பார்த்தேன். வெறும் தண்ணீர். நம்பாமல் இன்னொரு முறை கொப்பளிக்கச் சொன்னேன். தண்ணீர்தான். ஈறு இளஞ்சிவப்பாக வற்றி, பல்லை ஒட்டிக்கொண்டிருந்தது. ஆடிய கீழ்ப்பல்லை விரலால் அசைத்தேன். கொஞ்சம் அசைந்தது, முன்பு மாதிரி இல்லை. டாக்குத்தர் வந்தார், குனிந்தார், முகர்ந்தார். கண்ணைத் திறக்காமலே, "சோறு" என்றார். "வெறும் சோறு." அப்பாடா! என் தோளில் இருந்து ஒரு மூட்டை காப்பி இறங்கின மாதிரி இருந்தது. அங்கம்மா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. பிள்ளையைப் பார்த்து நாளாயிற்று.

சில நாள் கழித்துப் பேராதனைக்குப் போய் அவள் பல்லை வழித்துப் பார்த்தோம். நீந்துகிறவை அருகிப்போயிருந்தன. அசையாமல் கிடப்பவை அப்படியே இருந்தன. ஒழிந்துபோகவில்லை, அடங்கியிருந்தன. கிருமி, கிருமி என்று சனங்களைப் பயமுறுத்துகிற தம்பிமார் இதை மறக்கக் கூடாது. அவற்றோடு பிறந்து அவற்றோடு சாகிறோம். கானைச் சுத்தமாக வைத்திருப்பதுதான் நம் வேலை.

விசாகம் கழிந்தது. கங்காணியின் கூட்டம் சட்டி பெட்டி, பாய் சுருட்டு, கோழிக்கூடு எல்லாவற்றோடும் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. கங்காணி தலையில் ஒரு மூட்டை. செல்லாயி இடுப்பில் பவளம். அங்கம்மா விறாந்தையில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆறிவிட்டது என்று டாக்குத்தர் கங்காணியிடம் சொன்னார். கங்காணி செல்லாயியைப் பார்த்தார். கூட்டம் முழுக்கச் செல்லாயியைத்தான் பார்த்தது. பிள்ளை அவள் கையில் அல்லவா இருந்தது.

அவள் முதல் தடவையாக விறாந்தையில் ஏறினாள். அங்கம்மாவுக்கு எதிரே வந்து நின்றாள். "வாயைத் தொற" என்றாள். அங்கம்மா திறந்தாள். செல்லாயி பார்க்கவில்லை. டாக்குத்தர் செய்வதை முற்றத்தில் நின்று எத்தனை நாள் கவனித்திருந்தாளோ, அவரைப் போலவே குனிந்து, கண்ணை மூடி, மூக்கை அங்கம்மாவின் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். நிமிர்ந்தாள். குழந்தையைத் தூக்கித் தாயின் கையில் வைத்தாள். பவளம் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தது. பிறகு தன் ஈரக்கையை அப்படியே தாயின் வாய்க்குள் விட்டுப் பல்லைப் பிடித்து இழுத்தது. யாரும் தடுக்கவில்லை. டாக்குத்தர் கையைக் கழுவப் போனார்.

கூட்டம் மூட்டைகளைத் தூக்கத் தொடங்கியது. செல்லாயி மட்டும் நகரவில்லை. விறாந்தை ஓரத்துக்குப் போய் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினாள். பானையில் மொண்டு கொப்பளித்தாள். சிவப்பு. மறுபடி கொப்பளித்தாள். சிவப்பு. வெற்றிலைச் சாறு போய்விட்டது என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகும் அவள் துப்பிய தண்ணீர் சிவப்பாகவே இருந்தது. அன்றைக்கு வரைக்கும் நான் அவளை வெற்றிலை இல்லாத வாயோடு பார்த்ததே இல்லை.

அவள் வந்து நான் நோயாளிகளை உட்கார வைக்கிற கதிரையில் உட்கார்ந்தாள். கங்காணியின் பக்கம் பார்க்கவே இல்லை.

"எனக்கும் இந்த நோயிதானுங்கய்யா" என்றாள். "இவளுக்கு முந்தியே. சொன்னா புள்ளைய என்கிட்ட தர மாட்டாங்கன்னு சொல்லல."

கங்காணி தலையிலிருந்த மூட்டையை மெதுவாக இறக்கி வைத்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக இறக்கினார்கள். டாக்குத்தர் ஈரக் கையோடு திரும்பி வந்து, அவள் பக்கத்தில் குனிந்து, மூக்கைக் கொண்டுபோனார். நான் கொக்கிகளைக் கொதிநீரில் போட்டேன்.

நான் தாடையில் விரலை ஊன்றியதும் செல்லாயி கதிரையின் கையைத் தேடினாள். அங்கம்மா குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மொத நாளு மட்டுந்தான் வலிக்கும் மதினி" என்றாள். "அப்புறம் சோத்துக்கு ருசி தெரியும்."